அம்மாவின் கையில் ஐந்து சரக்கு

கொத்தமல்லி வறுபடத் தொடங்கும்போது முதலில் வருவது மணம் அல்ல, சத்தம். சட்டியின் அடியில் நாலைந்து விதைகள் மெல்ல வெடிக்கும், அகப்பை ஒருமுறை புரளும், அதற்குப் பிறகுதான் அந்த மணம் எழும்பிக் குசினியின் ஓலைத்தட்டியைக் கடந்து, கிணற்றடியைக் கடந்து, ஒழுங்கை முடக்கில் பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருக்கும் என் மூக்குக்கு வந்து சேரும். வந்தால் இரண்டில் ஒன்று என்று எனக்குத் தெரியும்: ஒன்றில் அம்மா கறித்தூளுக்கு வறுக்கிறார், அல்லது ஒழுங்கையில் யாருக்கோ காய்ச்சல். தொண்ணூறுகளின் நடுவில், வன்னியில், உருத்திரபுரத்தில் நாங்கள் இருந்த அந்த வருடங்களில், இரண்டாவதுதான் அதிகம்.

போரும் பொருள் தடையுமாக மண்ணெண்ணெய் வராத, குளிக்கச் சவர்க்காரம் வராத, மின்கலம் வராத காலம் அது. ஆஸ்பத்திரியில் விடிய முன்னர் போய் வரிசையில் நின்றால் மருந்து எழுதிய துண்டு தருவார்கள், துண்டுக்கு மருந்து இராது. அதனால் ஊரே "சரக்கு"ப் பேணிக்குள் மருந்து தேடியது. எங்கள் பக்கம் மிளகு, சீரகம், மல்லி எல்லாவற்றையும் சேர்த்துச் சரக்கு என்றுதான் சொல்வோம். தடிமன், இருமல் என்றால் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்த தண்ணீர், பல்லுக் குத்தென்றால் ஒரு கராம்பைக் கடித்துப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும், பாற்குழந்தை வயிறு ஊதி அழுதால் பெருங்காயத்தைக் கரைத்துத் தொப்புளைச் சுற்றிப் பூச்சு, வெட்டுக் காயத்துக்கு மஞ்சள், பிள்ளை பெற்றவளுக்கு மிளகும் உள்ளியும் நற்சீரகமும் மஞ்சளும் அம்மியில் மை போல அரைத்துக் காய்ச்சிய பத்தியக் கறி. இதெல்லாம் எல்லா வீட்டுக்கும் தெரிந்ததுதான். ஆனால் எல்லா வீட்டிலும் சரக்கு இருக்கவில்லை. எங்கள் வீட்டில் இருந்தது, அதற்குக் காரணம் பெரியம்மா.

அம்மா மலைநாட்டில் பிறந்தவர். ஒரு கலவரத்துக்குப் பிறகு, பதினெட்டு வயதில், சொந்தக்காரர் சிலரோடு வன்னிக்கு வந்து வயல் வேலை செய்து, அங்கேயே என் அப்பாவைக் கட்டியவர். அப்பா உருத்திரபுரத்துக்காரர், அதிகம் பேசாத மனிதர். அம்மாவை வளர்த்த அக்கா, அதாவது என் பெரியம்மா, தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடொன்றிலேயே தங்கிவிட்டார். சகோதரிகள் இருவரும் அதன்பிறகு ஒருவரை ஒருவர் பார்க்கவேயில்லை. ஆனால் ஆறு மாதத்துக்கொரு தடவையாவது பெரியம்மாவின் துணிப்பொட்டலம் வந்துவிடும். லயத்துக்குப் பின்னால் பொறுக்கிய கராம்பு, மரத்தில் ஏறிய மிளகு, கறுவாப்பட்டை, நாலைந்து ஏலக்காய். வவுனியா வரைக்கும் லொறியில் வந்து, சோதனைச் சாவடியில் கொட்டிக் கிளறி மறுபடி அள்ளிக் கட்டப்பட்டு, ஓமந்தைக்கு யாரோ ஒருவரின் சைக்கிளில் வந்து, அங்கிருந்து கைமாறிக் கைமாறி எங்கள் படலைக்கு வரும்போது பொட்டலத்தில் பாதிதான் மிஞ்சியிருக்கும். அந்தப் பாதியைக்கூட அம்மா ஊருக்கெல்லாம் பிரித்துக் கொடுத்துவிடுவார்.

பொட்டலத்துக்குள் கடிதமும் இருக்கும். அதில் பெரியம்மா கேட்பது ஒன்றே ஒன்றுதான். "நீ இப்ப எப்புடி இருக்கேன்னு ஒரு படம் புடிச்சு அனுப்பு."

அந்த ஒன்றைத்தான் அம்மாவால் அனுப்ப முடியவில்லை. அம்மாவுக்குப் படமே இல்லை. கலியாணம் பிள்ளையார் கோயிலில் தாலி கட்டியதோடு முடிந்துவிட்டது. மலையிலிருந்து வந்த பலரைப் போல அம்மாவுக்கும் அடையாள அட்டை கிடைக்கவில்லை, அதனால் அதற்கென்று எடுக்கும் முகப்படமும் இல்லை. பிறகு பிலிம் வருவதும் நின்றுவிட்டது. அம்மாவுக்கு எழுதத் தெரியாது, பதில் எழுதுவது நான்தான். "அடுத்த முறை படம் அனுப்புகிறேன்" என்ற வசனத்தை எத்தனை கடிதத்தில் எழுதினேனோ தெரியாது. அம்மா சொல்வதை அப்படியே எழுத எனக்கு வெட்கம். அம்மா "வந்துச்சு" என்றால் நான் "வந்தது" என்று எழுதுவேன், "மூஞ்சி" என்றால் "முகம்".

அந்த வெட்கத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அம்மா உள்ளியைப் பூண்டு என்பார், வேர்க்கொம்பைச் சுக்கு என்பார், பெருஞ்சீரகத்தைச் சோம்பு என்பார். இரண்டு மூக்கிலும் மூக்குத்தி. இடது மணிக்கட்டில் பச்சை குத்தியிருந்தார், ஒரு துளசிச் செடியும் அதன் கீழே மூன்று புள்ளிகளும். பெரியம்மாவும் அம்மாவும் ஒரே நாளில் ஒரே குறத்தியிடம் குத்திக்கொண்டதாம். வகுப்பில் சிலர் என்னை, மலைச் சனத்தை இளக்காரம் செய்யும் சொல்லால், "தோட்டக்காட்டாள்" என்று இழுத்து இழுத்துக் கூப்பிடுவார்கள். காய்ச்சலுக்கு அம்மாவிடம் வந்து மல்லித் தண்ணீர் வாங்கிக் குடித்துச் சுகமான பிள்ளைகள்தான் அவர்களும். நான் அவர்களோடு சண்டை போட்டிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, அம்மா பள்ளிக்கூடப் பக்கம் வராமல் பார்த்துக்கொண்டேன்.

அந்த வருடம் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்த சனம் வன்னியை நிறைத்தது. எங்கள் வளவின் மூலையிலும் ஒரு குடும்பம் கொட்டில் போட்டது. இராசன் மாமா, அவருடைய மனைவி, பிறக்க இருந்த ஒரு பிள்ளை. மாமா ஊரில் ஒரு ஸ்ரூடியோவில் படம் எடுத்தவர். கடலேரியைக் கடந்து வரும்போது உடுப்புப் பையைக் கைவிட்டாரே தவிர கமராவைக் கைவிடவில்லை. மாசி மாதம் மாமி பிள்ளை பெற்றார், பெற்ற கையோடு காய்ச்சலும் வந்துவிட்டது. அம்மா பதினொரு நாள் அந்தக் கொட்டிலுக்கும் எங்கள் குசினிக்குமாக நடந்தார். பெரியம்மாவின் மிளகில் முக்கால்வாசி அந்தப் பத்தியத்தில்தான் முடிந்தது. தாயும் பிள்ளையும் தேறியதும் மாமா கமராவைத் துணிக்குள்ளிருந்து எடுத்துக்கொண்டு வந்தார்.

"அக்கா, இதுக்குள்ள இன்னும் நாலு படம் கிடக்கு. நாலும் உங்களுக்குத்தான். வேண்டாம் எண்டு சொல்லாதேங்கோ."

கமராவின் முதுகில் சிவப்புக் கண்ணாடி போட்ட ஒரு சின்னத் துவாரம். அதில் ஒன்பது என்ற இலக்கம் நின்றது. பன்னிரண்டோடு சுருள் முடிந்துவிடும் என்றும், கறுப்பு வெள்ளைதான் என்றும், கழுவுகிற மருந்து கொஞ்சம் தன்னிடம் மிச்சம் இருப்பதாகவும் மாமா சொன்னார். அம்மா கையைத் துடைத்துவிட்டு அந்தத் துவாரத்துக்குள் குனிந்து பார்த்தார்.

"நாலு எதுக்கு தம்பி? ஒண்ணு போதும். அக்காவுக்கு அனுப்பணும்."

அம்மா அவ்வளவு சந்தோசமாகச் சிரித்து நான் அதற்கு முதல் கண்டதில்லை. அன்று பின்னேரமே பெட்டியைத் திறந்து, அரக்குச் சேலையை எடுத்து உதறி வெயிலில் போட்டார்.

அந்தக் கிழமைதான் பள்ளிக்கூடத்தில் சுகாதாரக் கண்காட்சி என்று அறிவித்தார்கள். மருந்தில்லாத காலத்தில் வீட்டுச் சரக்கின் பயன்களைத் தொகுத்து வரும்படி ரீச்சர் சொன்னார். மற்றப் பிள்ளைகள் படம் கீறுவார்கள். நான் மட்டும் உண்மையான புகைப்படங்களோடு ஓர் அல்பம் கொண்டுபோய் வைத்தால்! அந்த எண்ணம் வந்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. தோட்டக்காட்டாள் என்று கூப்பிட்ட வாய்களெல்லாம் பிளந்து நிற்பதைக் கண்ணால் கண்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அம்மா, மூண்டு படத்தை எனக்குத் தாங்கோ. ஒண்டை நீங்கள் எடுங்கோ."

"அதுக்கென்ன, எடுத்துக்க" என்று அம்மா உடனே சொன்னார்.

சனிக்கிழமை பின்னேரம் படம் எடுக்கும் நாள். சரக்கைப் படம் எடுப்பது கலியாண வீட்டைப் படம் எடுப்பதைவிடக் கஷ்டம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கமரா கிட்டப் போனால் பார்வை மங்கும் என்று மாமா அப்பாவின் வாசிப்புக் கண்ணாடியிலிருந்து ஒரு வில்லையைக் கழற்றிக் கமராவுக்கு முன்னால் ஒட்டினார். எவ்வளவு தூரத்தில் வைத்தால் தெளிவாக விழும் என்று பார்த்து, அந்த அளவுக்கு ஓர் ஈர்க்கை முறித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் கமராவுக்கும் சரக்குக்கும் இடையில் அதைப் பிடித்து அளந்தார். நான் மஞ்சளைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்று நின்றேன், அதன் நிறம் வடிவென்று. "பிள்ளை, இதுக்குள்ள மஞ்சளும் சாம்பல், வேர்க்கொம்பும் சாம்பல். நிறத்தை விடும், உருவத்தைப் பாரும்" என்றார் மாமா. வாழையிலையில் வைத்தால் இலை கறுப்பாக விழும் என்று சொல்லி அதையும் தள்ளிவிட்டார்.

ஒன்பதாவது படம், சுளகில் குவித்த செத்தல் மிளகாயும் கறுவாவும் மஞ்சளும். பத்தாவது, அம்மியும் குழவியும் அதில் வழித்த பத்தியச் சரக்கும். மூன்றாவதுக்குச் சின்னச் சரக்குகள் ஐந்தையும் ஒன்றாகக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை: கொத்தமல்லி, மிளகு, நற்சீரகம், கராம்பு, ஒரு துண்டு வேர்க்கொம்பு. சுளகில் வைத்துப் பார்த்த மாமா தலையை ஆட்டினார். சீரகம் சுளகின் பின்னலுக்குள் காணாமல் போகிறதாம்.

"ஆரின்ரையாவது உள்ளங்கையில வையுங்கோ. அப்பத்தான் அளவும் விளங்கும்."

நான் கையை நீட்டினேன். சவர்க்காரம் இல்லாத காலத்துச் சொறி என் விரல் இடுக்கெல்லாம். மாமா திரும்பி அம்மாவைப் பார்த்தார்.

அம்மா அப்போது தயாராகி வந்து நின்றார். தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்து முடிந்து, கிணற்றடிச் செவ்வரத்தையில் ஒரு பூவும் வைத்து, அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு, அரிசிமாவைத் தொட்டு முகத்தில் பூசியிருந்தார். பவுடர் ஏது அந்த நாளில். தன்னுடைய படத்துக்காக மத்தியானத்திலிருந்தே அப்படி நின்றவர், நான் கூப்பிட்டதும் வந்து வலக்கையை நீட்டினார். மாமா இடக்கையைத்தான் கேட்டார், வெளிச்சம் அந்தப் பக்கம்தான் விழுந்தது. ஐந்து சரக்கையும் உள்ளங்கையில் வைத்தேன். ஈர்க்கால் அளந்து, மூச்சைப் பிடித்து, மாமா விசையைத் தட்டிய அதே நேரத்தில் வயல் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. மல்லியும் சீரகமும் பறந்து முற்றத்தில் சிந்தின.

"போச்சு" என்றார் மாமா.

துவாரத்தில் பன்னிரண்டு என்ற இலக்கம் வந்து நின்றது.

மிஞ்சியது அம்மாவுக்கென்று வைத்த அந்த ஒன்றுதான். பிறகு மாமாதான் ஒரு வழி சொன்னார். அவர் சொன்னது எவ்வளவு நல்ல வழி என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு எரிகிறது.

"வில்லையைக் கழட்டிப்போட்டுக் கொஞ்சம் தள்ளி நிண்டு எடுக்கிறன். அக்கா கையில சரக்கோட நிக்கட்டும். முகமும் விழும், சரக்கும் விழும். ஒரு படத்தில ரெண்டு அலுவலும் முடியும்."

அம்மாவின் முகம் மலர்ந்தது. நான் அந்த முகத்தைப் பார்த்தேன். இரண்டு மூக்குத்தியையும், அப்பியிருந்த அரிசிமாவையும் பார்த்தேன். வகுப்புப் பிள்ளைகள் அல்பத்தைச் சுற்றி நின்று குசுகுசுப்பது காதில் கேட்டது.

"வேண்டாம் மாமா. கை மட்டும் விழுந்தாக் காணும்."

மாமா என்னைப் பார்த்தார். "பிள்ளை, கொம்மா எவ்வளவு நேரமா..." என்று தொடங்கினார். அம்மா அவரை முடிக்க விடவில்லை.

"வுடுங்க தம்பி. புள்ள படிப்புக்கு ஒதவட்டும். என் மூஞ்சி எங்க ஓடிப்போகப் போகுது? இன்னொரு நாளைக்கு எடுத்துக்கலாம்."

அதோடு நான் விட்டேனா? இல்லை. அம்மா மறுபடி கையை நீட்டியபோது மணிக்கட்டுப் பச்சை வெளியே தெரிந்தது. "முந்தானையை இழுத்து விடுங்கோ அம்மா, பச்சை தெரியுது" என்றேன். அம்மா மறுகையால் சேலைத் தலைப்பை இழுத்து மணிக்கட்டை மூடினார். அப்படித்தான் பன்னிரண்டாவது படம் எடுக்கப்பட்டது.

ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டு இருட்டாக்கிய கொட்டிலுக்குள் மாமா சுருளைக் கழுவி, உள்ளங்கை அளவுப் படங்களாக எடுத்துத் தந்தார். கைப்படம்தான் எல்லாவற்றிலும் நன்றாக வந்திருந்தது. ஒவ்வொரு சீரகத்தின் வரியும் தெரிந்தது, கராம்பின் மொட்டுத் தலை தெரிந்தது, அம்மாவின் உள்ளங்கை வெடிப்புகளும் தெரிந்தன. ஓரத்தில் சேலைக் கரை. அதன் கீழே, நான் கவனியாமல் விட்ட ஒரேயொரு பச்சைப் புள்ளி.

அல்பத்தில் படங்களை ஒட்டிப் பெயரெழுதியபோது அம்மா பக்கத்தில் வந்து குந்தினார். எழுத்துத் தெரியாவிட்டாலும் நான் உச்சரித்துக்கொண்டு எழுதுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சுக்குன்னு எழுதலியா?"

"இஞ்ச ஒருத்தருக்கும் விளங்காது அம்மா."

"சரி சரி" என்றார்.

கண்காட்சி நாளில் வருகிறவர்கள் ருசி பார்ப்பதற்கு மல்லித் தண்ணீர் வைக்க வேண்டும் என்று ரீச்சர் சொல்லிவிட்டார். அதைப் பக்குவமாக அவிக்க அம்மாவை விட்டால் ஆள் இல்லை. அதனால் அன்றைக்கு நான் எவ்வளவு முறுகியும் அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தார், அதே அரக்குச் சேலையோடு, ஒரு பெரிய கேத்திலைத் தூக்கிக்கொண்டு. என் மேசைக்கு இரண்டு முழம் தள்ளி வாங்கில் அதை வைத்து, சிரட்டைகளில் ஊற்றி ஊற்றிக் கொடுத்தார். என் அல்பத்தைச் சுற்றித்தான் கூட்டம். நான் நினைத்ததுபோலவே வாய்கள் பிளந்தன. கல்விக் கந்தோரிலிருந்து வந்த ஒரு பெரியவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கைப்படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"நல்ல படம். ஆரின்ர கை பிள்ளை இது?"

என்னைச் சுற்றி வகுப்புப் பிள்ளைகள் நின்றார்கள். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"எங்கட வீட்டில தூள் இடிக்க வாற ஒரு அம்மான்ர."

"ஓ" என்றார் அவர். பிறகு திரும்பி, அம்மா நீட்டிய சிரட்டையை அந்தக் கையிலிருந்தே வாங்கிக் குடித்து, "நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். அம்மா குனிந்து கேத்திலின் மூடியைச் சரிசெய்துகொண்டிருந்தார். கேட்டாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு முதலாம் பரிசு கிடைத்தது. அன்று இரவு நான் இரண்டு தடவை இருமியதைக் கேட்டு, மிஞ்சிய மல்லித் தண்ணீரைச் சூடாக்கிப் பனங்கட்டியோடு கொண்டுவந்து தந்தார், எப்போதும் போல.

மூன்று நாள் கழித்துப் பெரியம்மாவுக்குக் கடிதம் எழுதக் கூப்பிட்டார். நான் கொப்பித் தாளை வைத்துக்கொண்டு இருந்தேன். அம்மா சுளகில் மிஞ்சிய மிளகைக் கல்லுப் போக நாம்பிக்கொண்டே சொன்னார். படம் பிடிக்கிற தம்பியிடம் பிலிம் முடிந்துவிட்டது, அடுத்த தடவை கட்டாயம் அனுப்புகிறேன். மகள் கண்காட்சியில் முதலாவதாக வந்தாள். நீ அனுப்பிய சரக்கைத்தான் என் கையில் வைத்துப் படம் பிடித்தாள். வழக்கம்போல எல்லாவற்றையும் பள்ளிக்கூடத் தமிழுக்கு மாற்றி எழுதிக்கொண்டு வந்தேன். அம்மா சுளகைக் கீழே வைத்தார். ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தார்.

"யாரு கைன்னு பெரிய மனுசங்க எல்லாம் கேட்டாங்க. எங்கம்மா கைன்னு புள்ள சொல்லிச்சு."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை, மிளகைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வசனத்தை மாற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. அம்மா சொன்னபடியே எழுதினேன்.

"எழுதிட்டியா?"

"ஓம்."

அப்போது தாளைக் கீழே போட்டுவிட்டு அம்மாவின் மடியில் விழுந்திருந்தால் எல்லாம் தீர்ந்திருக்கும். பதின்மூன்று வயதுக்கு அது தெரியாது என்று சொல்லி என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்ப்பேன். தெரிந்திருந்தது. வீம்புதான் விடவில்லை.

இன்னொரு நாள் வரவேயில்லை. அந்த வருடத்தின் நடுவில் ஷெல் விழத் தொடங்கியது. உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றக்கூடியதை ஏற்றிக்கொண்டு அக்கராயன் பக்கம் போனோம், பிறகு இன்னும் உள்ளே. அல்பம் பள்ளிக்கூட அலுமாரிக்குள் கிடந்தது. பள்ளிக்கூடமும் போய்விட்டது, அலுமாரியும் போய்விட்டது. அடுத்த மாரியில், காட்டோரக் கொட்டில் ஒன்றில், அம்மாவுக்கு மலேரியா வந்து தலைக்கு ஏறியது. கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் நான்தான் அவித்தேன். அது அந்தத் தண்ணீருக்கு எட்டாத காய்ச்சல். ஐந்தாம் நாள் அம்மா போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு வைத்து மாலை போடப் படமில்லை. அப்பா ஒரு குத்துவிளக்கை மட்டும் ஏற்றி வைத்தார். சில நாள் கழித்துப் பல்லுக் குத்தென்று அப்பா கராம்பு கேட்டார். பேணியைக் கவிழ்த்தபோது அடியிலிருந்து பொலித்தீனில் சுற்றிய ஏதோ ஒன்று விழுந்தது. பிரித்தால், அந்தக் கைப்படத்தின் இன்னொரு பிரதி. வேறொரு காட்டோரத்தில் கொட்டில் போட்டிருந்த இராசன் மாமாவைத் தேடிப்போய்க் கேட்டேன்.

"ஓம் பிள்ளை, அக்காதான் தனக்கொண்டு வேணும் எண்டு கேட்டவா. தமக்கைக்கு அனுப்பப்போறன் எண்டவா." மடியிலிருந்த பிள்ளையைத் தோளில் போட்டார். "அண்டைக்கு நான் ஒரு சொட்டு உறுதியா நிண்டிருக்கலாம்."

அந்தப் படத்தை வைத்து அனுப்பக் கடிதம் எழுத அம்மா என்னைத்தான் கூப்பிட வேண்டியிருந்திருக்கும். கூப்பிடாமலே பேணிக்குள் வைத்துவிட்டார்.

சண்டை ஓய்ந்து பாதை திறந்த பிறகு நான் மலைக்குப் போனேன். லயத்து வாசலில் நின்ற பெரியம்மா அம்மாவை விடக் கட்டையாக, கறுப்பாக இருந்தார், ஆனால் இரண்டு மூக்கிலும் மூக்குத்தி, இடது மணிக்கட்டில் துளசிச் செடியும் மூன்று புள்ளிகளும். அழுது முடிந்து தேநீர் தந்தபிறகு, நான் படத்தை எடுத்து நீட்டினேன். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். முகம் இருக்கும் என்று மறுபக்கம் திருப்பியும் பார்த்தார்.

"யாரு கை இது?"

"என்ர அம்மான்ர கை" என்றேன்.

பெரியம்மா சேலைக் கரையின் கீழிருந்த அந்த ஒற்றைப் புள்ளியில் விரலை வைத்தார். பிறகு தன் மணிக்கட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அன்னைக்கும் நீ இப்புடித்தான சொன்ன? கடுதாசியில இருந்துச்சே. லயத்துல எல்லாருக்கும் படிச்சுக் காட்டச் சொன்னேன். எந்தங்கச்சி புள்ளையப் பாருங்கன்னு."

சொல்லியிருக்கலாம். அவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போனதே அதைச் சொல்லத்தான் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். அந்த முகத்துக்கு முன்னால் என்னால் முடியவில்லை. தலையை ஆட்டினேன். படம் பெரியம்மாவுக்குச் சேர வேண்டியது, கொடுத்துவிட்டேன். அவர் தலையணைக்குக் கீழிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து, "இந்தா, இத நீ வச்சுக்க" என்று என் கையில் வைத்தார்.

இப்போது பெரியம்மாவும் இல்லை. அந்த லயத்தை இடித்துவிட்டார்கள், படம் என்ன ஆனது என்று கேட்டபோது யாருக்கும் தெரியவில்லை. உருத்திரபுரத்தில் எங்கள் வளவில் வேறு யாரோ இருக்கிறார்கள், வாய்க்கால் மட்டும் அப்படியே ஓடுகிறது. நான் இருக்கும் வீட்டில் சரக்கெல்லாம் வெளிநாட்டுப் போத்தல்களில் பெயர் ஒட்டி வருகிறது. என் கைப்பேசியில் ஆயிரக்கணக்கில் படங்கள், நேற்றுச் சமைத்த இரசத்துக்குக்கூட மூன்று.

அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. மடித்த இடம் கிழிந்த இந்தக் கொப்பித் தாள்தான் இருக்கிறது. அதில் மற்றதெல்லாம் என்னுடைய தமிழ், ஒரேயொரு வரி மட்டும் அம்மாவின் வாயிலிருந்து வந்தபடி. அம்மாவின் குரல் கேட்க வேண்டும்போல இருக்கும் நாட்களில் அதைத்தான் எடுத்து வாசிக்கிறேன். எங்கம்மா கைன்னு புள்ள சொல்லிச்சு, என்று என் கையெழுத்தில் இருக்கிறது.